வாசகர் கேள்வி – பதில்: மேட்டுப்பாத்தியும் குமிழித் தூம்பும்

கேள்வி: வாழும் மக்களின் உழவையும் தொழில்களையும் கூர்ந்து பார்த்து, அதன் துணையோடு பழங்காலத்தை விளங்கிக்கொள்ளும் ‘இனவரைவியல் தொல்லியல்’ இன்றைய நீடித்த வாழ்க்கைமுறைக்கும் உதவும் என்று படித்தேன். அப்படி உண்மையிலேயே எங்காவது பயன் கிடைத்திருக்கிறதா?
– வாசகர், திருச்சி

பதில்: கிடைத்திருக்கிறது. அந்தப் பயன் எந்த இடத்தில் நின்றுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பெருவும் பொலிவியாவும் பங்கிட்டுக்கொள்ளும் டிட்டிகாக்கா ஏரி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் கரைச் சமவெளியில் மேடும் வாய்க்காலுமாக வரிவரியாகக் கிடந்த பழைய விளைநிலங்களை 1960களில் புவியியலாளர்கள் கவனித்தார்கள். 1968இல் வெளியான ஆய்வு அவற்றின் பரப்பை ஏறத்தாழ 82,000 ஹெக்டேர் என்று மதிப்பிட்டது. எப்போதோ கைவிடப்பட்ட அந்த நிலங்களில், 1981 முதல் பெருவின் உவாட்டா பகுதியில், தொல்லியலாளர் கிளார்க் எரிக்சன் சில பாத்திகளை அகழ்ந்து பார்த்ததோடு நிற்காமல், அவ்வூரில் கெச்சுவா மொழி பேசும் பழங்குடி உழவர்களோடு சேர்ந்து அவற்றைத் திரும்பக் கட்டவும் செய்தார். இன்றும் அம்மக்கள் காலால் மிதித்து மண்ணைப் பெயர்க்கும் ‘சாக்கி தக்யா’ என்னும் கலப்பையே அதற்குப் போதுமானதாக இருந்தது. புல்வேரோடு கட்டிகட்டியாக வெட்டி எடுத்த மண்ணைப் பாத்தியின் ஓரங்களில் சுவராக அடுக்கி, வாய்க்காலில் தோண்டிய மண்ணை நடுவில் கொட்டி மேடாக்கினார்கள்.

அந்த உயரத்தில் உருளைக்கிழங்குக்குப் பெரும் பகை இரவுப் பனி. பகல் வெயிலில் சூடேறும் வாய்க்கால் நீர் இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளிவிடுவதால் செடிகள் கருகாமல் தப்புகின்றன. வாய்க்காலில் சேரும் சேறும் நீர்ச்செடிகளும் பாத்திக்கே எருவாகின்றன. அந்த வட்டாரத்தில் ஹெக்டேருக்கு 1 முதல் 4 டன் கிழங்கு விளைந்துகொண்டிருந்தபோது, சோதனைப் பாத்திகள் சராசரியாகச் சுமார் 10 டன் கொடுத்தன. இதைக் கண்ட அரசும் தொண்டு நிறுவனங்களும் கூலியும் விதையும் கொடுத்துப் பல ஊர்களில் பாத்திகளைக் கட்டச் செய்தன. அந்த உதவி நின்றபின், அவற்றில் பெரும்பாலானவற்றை மக்கள் கைவிட்டுவிட்டார்கள். பாத்தி கட்டவும் ஆண்டுதோறும் வாய்க்காலைத் தூர்வாரவும் ஏராளமான ஆள்பலம் வேண்டும். ஆனால் ஊர்க்காரர்கள் கூலி தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நீண்டகாலம் தரிசாகக் கிடந்த மண் முதல் சில ஆண்டுகளில் கொடுத்த விளைச்சலைத் தொடர்ந்து எதிர்பார்க்க முடியாது என்ற விமர்சனமும் எழுந்தது.

இதை வைத்து அந்த ஆய்வே வீண் என்று நான் சொல்லமாட்டேன். பாத்தியின் அமைப்பை மண் சொல்லிவிட்டது. யார் உழைப்பது, விளைச்சலை எப்படிப் பங்கிடுவது, பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை வாழும் மக்களிடம்தான் கேட்டறிய வேண்டும். பல திட்டங்கள் அதைக் கேட்கும் பொறுமையின்றி வடிவத்தை மட்டும் பரப்பின என்பதே என் கருத்து.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்களுக்கு இந்தப் பார்வை பொருந்துமா?
– வாசகர், சிவகங்கை

பதில்: நன்றாகப் பொருந்தும். கண்மாயின் நீர்ப்பரப்புக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித் தூம்பு. அடியிலுள்ள கல்தொட்டியின் துளையை மூடியிருக்கும் அடைப்பைத் தண்டோடு தூக்கினால், தண்ணீர் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியே வயலுக்குப் போகும். கூடவே வண்டலும் ஓரளவு வெளியேறும். இந்தக் கல்லமைப்பை அளந்து வரைபடமாக்கிவிடலாம். பரிபாலனத்துக்கும் சான்றுகள் உண்டு: 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்ததைச் சொல்கின்றன. ஆனால் தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த மடையை முதலில் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்னும் நுட்பம், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் ஊர்ப் பணியாளர்களான நீர்க்கட்டிகளின் நினைவில்தான் இருக்கிறது.

நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர். அறுவடையில் கிடைக்கும் நெல்லே அவர்களுக்குக் கூலியாக இருந்தது. ஆகவே மரபை மீட்கிறோம் என்ற பெயரில் பிறப்பால் சுமத்தப்பட்ட அந்தப் பணியை அப்படியே திரும்பக் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியாது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து குடிமராமத்து வேலையை, அதாவது ஊரார் சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் வேலையை, வாங்க முயன்ற வரலாறும் நமக்கு இருக்கிறது. நீர்க்கட்டியின் அறிவை அவர் சம்மதத்தோடும் அவர் பெயரோடும் பதிவு செய்ய வேண்டும்; அவர் வேலையை முறையான சம்பளமுள்ள பணியாக்கி, விரும்பும் எவருக்கும் திறந்துவிட வேண்டும். உங்கள் ஊரில் மராமத்து தொடங்குவதாக இருந்தால், மண் அள்ளும் இயந்திரம் கண்மாய்க்குள் இறங்குவதற்கு முன்பே, மூத்த நீர்க்கட்டி ஒருவரோடு கரை முழுவதும் நடந்து, ஒவ்வொரு மடையின் பெயரையும், அது பாயும் வயல்களையும், நிரம்பிய நீர் மறுகாலாக வெளியேறும் கலுங்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.