குவாந்தா குழம்பு ஏன் கசந்தது?

கேள்வி: கணவரின் வேலைக்காக அடிஸ் அபாபாவில் குடியிருக்கிறோம். வீட்டுக்கார அம்மா குவாந்தா என்று காய்ந்த மாட்டிறைச்சி கொடுத்தார். நம்மூர் முறையில் எண்ணெயில் வெங்காயம் வதக்கி, பெர்பெரே என்ற எத்தியோப்பிய மிளகாய் மசாலாப் பொடி போட்டு, உப்பும் சேர்த்துக் குழம்பு வைத்தேன். உப்புக் கரித்தது, கசந்தது, தண்ணியாகவும் இருந்தது. அவரையே விருந்துக்கு அழைக்க ஆசை. எப்படிச் சமைப்பது?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாக அழையுங்கள், இது கைக்கு வரக்கூடிய சமையல்தான்.

குவாந்தா நம் உப்புக்கண்டத்துக்கு உறவு. நீளநீளமாக அரிந்து, உப்பும் காரப்பொடியும் தடவிக் கொடியில் காயவிட்டது. அதனால் கறி முழுவதும் வேகும்வரை உப்பு டப்பாவைத் தொடாதீர்கள். கறியை அலசி, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டால் போதும். மணிக்கணக்கில் ஊறினால் ருசி தண்ணீரோடு போய்விடும்.

இனி வெங்காயம். குழம்புக்குக் கெட்டி தருவதே அதுதான். தேங்காயோ மாவோ கிடையாது. நாலு பேருக்கு 200 கிராம் குவாந்தா என்றால், சிவப்பு வெங்காயம் முக்கால் கிலோவாவது வேண்டும். மிகப் பொடியாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வதக்குங்கள். முதலில் நீர் விடும், அப்புறம் சுண்டும், பிறகு அடிபிடிக்கப் பார்க்கும். அப்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டி விடுங்கள். அரை மணி நேரத்தில் வெங்காயம் உருத்தெரியாமல் பழுப்பு விழுதாகிவிடும். இதில் அவசரப்பட்டால் குழம்பு தண்ணியாகத்தான் நிற்கும்.

இப்போது நிதிர் கிபே நாலு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு, இஞ்சி. கொரரிமா ஏலம் போன்ற வாசனைகளைப் போட்டுக் காய்ச்சிய அந்த நெய்க்குப் பதில் வெறும் நெய் ஊற்றினால் மணம் பாதிதான். பின்பு மூன்று மேசைக்கரண்டி பெர்பெரே. உங்கள் குழம்பு கசந்தது பெரும்பாலும் இங்கேதான்: அதில் மிளகாயோடு வெந்தயமும் உண்டு, சூடான எண்ணெயில் சட்டென்று கருகிவிடும். தீயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கிளறுங்கள்.

மூன்று கப் வெந்நீர் ஊற்றி, விரல்கணு அளவுக்கு ஒடித்த குவாந்தாவைப் போட்டு மூடுங்கள். குக்கர் வேண்டாம், நாராகிவிடும். முக்கால் மணி நேரம் கொதித்து, நெய் மேலே மிதந்ததும் ருசி பார்த்து, தேவையென்றால் மட்டும் உப்புப் போடுங்கள். இன்ஜெராவின் (புளித்த மாவில் சுடும் தோசை போன்ற ரொட்டி) மேல் ஊற்றிப் பரிமாறலாம். மீந்தால் மறுநாள் காலை இன்ஜெராவைப் பிய்த்துப் போட்டுக் கிளறுங்கள், அதுதான் குவாந்தா ஃபிர்ஃபிர்.

நாள் குறிக்கும்முன் ஒன்று. அந்த அம்மா ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரா என்று விசாரியுங்கள். ஆம் என்றால் புதன், வெள்ளியும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பும் வேண்டாம். கறியோடு நெய்யும் விலக்கு. சனி அல்லது ஞாயிறு மதியம் கூப்பிடுங்கள்.