சைக்கிள், போனஸ், சான்றிதழ்: ஊக்கம் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

மகன் ஐந்தாம் வகுப்பு. "ஒரு பாடம் படிச்சா அரை மணி நேரம் மொபைல்" என்று பழக்கிவிட்டோம். இப்போது மொபைல் இல்லாமல் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எப்படி மாற்றுவது?

இது பையனின் குறை இல்லை, பேரத்தின் குறை. 1973இல் ஸ்டான்ஃபோர்ட் பாலர் பள்ளியில் ஒரு சோதனை நடந்தது. வண்ண மார்க்கரால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத்தான் அதற்கு எடுத்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமலே கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து மார்க்கரைச் சும்மா மேசையில் வைத்துப் பார்த்தபோது, முன்பே சொல்லி வாங்கிய குழு, மற்ற இரண்டு குழுக்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தது. எதிர்பாராமல் வாங்கிய குழந்தைகளின் ஆசை குறையவில்லை. "இதைச் செய்தால் அது" என்றதும், இது காசு கொடுத்துச் செய்யவைக்க வேண்டிய வேலை என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது.

மொபைலைப் படிப்பிலிருந்து கழற்றுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், படித்தாலும் படிக்காவிட்டாலும். முதல் ஒன்றிரண்டு வாரம் படிப்பு குறையும். அங்கேதான் பெரும்பாலோர் பயந்து பழைய பேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். எந்தப் பாடம் முதலில், எங்கே உட்காருவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். "முடிச்சிட்டியா?" என்று கேட்பதைவிட "எந்தக் கணக்குல மாட்டிக்கிட்ட?" என்று கேளுங்கள். கொஞ்சமும் பிடிக்காத பாடம் என்றால் கதை வேறு. அங்கே கெடுவதற்கு ஆசையே இல்லை, தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு கொடுக்கலாம்.

பத்தாம் வகுப்பில் 90 மார்க் எடுத்தால் சைக்கிள் என்று சொல்லியிருக்கிறோம். தப்பா?

சைக்கிளில் தப்பில்லை, 90இல்தான் தப்பு. அமெரிக்கப் பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர் பல நகரங்களில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம், பலன் இல்லை. டல்லாஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் படித்துச் சிறு வினாடி வினாவில் தேறினால் 2 டாலர், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. பணம் வேண்டும் என்ற ஆசை நியூயார்க் பிள்ளைகளுக்கும் இருந்தது, மார்க்கை எப்படி ஏற்றுவது என்றுதான் தெரியவில்லை. பரிசை அவன் கையில் இருக்கிற செயலோடு கட்டுங்கள்: தினம் 10 கணக்கு, வாரம் ஒரு பழைய வினாத்தாள், தப்பான விடைகளை மறுநாள் திரும்பப் போடுவது.

பள்ளியில் முழு வருகைக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.

கலிஃபோர்னியாவில் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பார்த்தார்கள். முன்கூட்டி அறிவித்த சான்றிதழால் வருகை கூடவில்லை. சொல்லாமல் பின்னர் கொடுத்த சான்றிதழ் வருகையைக் குறைத்தே விட்டது. "மத்தவங்களைவிட நான் அதிகமாவே வந்துட்டேன் போல" என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அச்சடிக்கிற செலவை மிச்சப்படுத்தி, வராத பத்துப் பேரின் வருகைப் பதிவைக் கிழமை வாரியாகப் பாருங்கள். பஸ், பசி, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது என்று பெரும்பாலும் ஏதாவது ஒன்று அதிலேயே தெரியும்.

திருப்பூரில் பனியன் யூனிட். ஷிப்ட் சம்பளத்தை பீஸ் ரேட்டாக (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) மாற்றினால் உற்பத்தி ஏறுமா?

ஏறும். பணம் ஊக்கம் தராது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். சேஃப்லைட் என்ற அமெரிக்க நிறுவனம், கார் கண்ணாடி மாட்டுபவர்களை மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாற்றியபோது ஆளுக்கான உற்பத்தி 44% கூடியது. அதில் பாதிதான் இருந்த ஆட்கள் வேகமானதால் வந்தது. மீதி, வேகமான ஆட்கள் சேர்ந்து தங்கியதால். ஆனால் அங்கே எந்தக் கண்ணாடியை யார் மாட்டினார் என்று கணக்கு இருந்தது. உடைந்தால் மாட்டியவரே கூலியில்லாமல் மறுபடி மாட்ட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் உத்தரவாதம் இருந்தது.

உங்கள் லைனில் ஒரு டி-ஷர்ட் ஓவர்லாக், பேட்லாக் என்று வெவ்வேறு தையல் மெஷின்களில் பல கை மாறுகிறது. பண்டில் (துணிக் கட்டு) ஒவ்வொன்றிலும் டெய்லர் நம்பர் போட்ட சீட்டு இல்லாமல் பீஸ் ரேட்டைத் தொடாதீர்கள், ஆல்டர் பீஸ் (தையல் சரியில்லாமல் திரும்பி வருவது) யாருடையது என்று செக்கிங் டேபிளில் தினம் சண்டை நடக்கும். செக்கிங்கில் தேறிய பீஸுக்கு மட்டும் கூலி, ஆல்டரை அவரவரே சரிசெய்ய வேண்டும். கட்டிங் வராமல், நூல் வராமல் உட்கார்ந்த நேரத்துக்கு ஷிப்ட் சம்பளம். ஸ்டைல் மாறினால் முதல் இரண்டு நாளும் ஷிப்ட் சம்பளமே, கை பழகிய பிறகு நேரம் எடுத்து ரேட் போடுங்கள். நேரம் எடுப்பது நடுத்தர டெய்லரிடம் இருக்கட்டும். வேகமானவரை வைத்துப் போட்ட ரேட்டை யாரும் எட்ட மாட்டார்கள்.

முக்கியமானது: கூலி அதிகம் போகிறதே என்று பாதியில் ரேட்டைக் குறைக்காதீர்கள். சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் கம்பி இணைக்கும் 14 பேரைக் கவனித்தபோது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள்ளேயே அளவு வைத்திருந்தது தெரிந்தது. அதை மீறி வேகமாகச் செய்தவருக்குக் கூட இருந்தவர்களே புஜத்தில் ஒரு குத்து விட்டார்கள். அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம்தான். ஒருமுறை நீங்கள் குறைத்துவிட்டால் உங்கள் யூனிட்டிலும் அந்த அளவு வந்துவிடும்.

தொகை பெரிதாக இருந்தால் ஊக்கமும் பெரிதாக இருக்குமா?

இதற்கு விடை மதுரைப் பக்கமே இருக்கிறது. பொருளியல் ஆய்வாளர் டேன் ஆரியலி குழுவினர் அந்தப் பகுதிக் கிராமத்து மக்கள் 87 பேருக்கு ஆறு விளையாட்டுகள் கொடுத்தார்கள். நினைவாற்றல், கைத்திறன், கவனம் கேட்கிற விளையாட்டுகள். நன்றாக ஆடினால் ஒரு விளையாட்டுக்கு, ஒரு குழுவில் ஆளுக்கு 4 ரூபாய், இன்னொரு குழுவில் 40, மற்றொரு குழுவில் 400. 400 ரூபாய்க் குழுவில் ஆறையும் ஜெயித்தால் 2,400, அன்றைக்கு அங்கே ஒருவரின் பல மாதச் செலவு. 4 ரூபாய்க் குழுவும் 40 ரூபாய்க் குழுவும் ஏறக்குறைய ஒன்றுபோல ஆடின. 400 ரூபாய்க் குழுதான் மோசம். கண் பணத்தில் இருந்தால் கை நடுங்கும். மூட்டை தூக்குவதற்குத் தொகையை ஏற்றலாம். யோசித்துச் செய்கிற வேலையில் வருடக் கடைசியில் ஒரே பெரிய தொகை வைப்பதைவிட நல்ல மாதச் சம்பளம் மேல்.

சட்டப்படி தீபாவளி போனஸ் கொடுக்கிறோம். வேலையில் ஒரு மாற்றமும் இல்லையே?

இருக்காது. சம்பளத்தில் 8.33% முதல் 20% வரையிலான அந்தத் தொகையைத் தொழிலாளி தன் சம்பளத்தின் ஒரு பகுதியாகத்தான் எண்ணுகிறார், சரியாகவே எண்ணுகிறார். கொடுக்காவிட்டால் கொதிப்பு, கொடுத்தால் அமைதி. அதிலிருந்து வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

காலை மீட்டிங்குக்குத் தாமதமாக வந்தால் 50 ரூபாய் அபராதம் போடலாமா?

போட்டால் அது தாமதத்துக்கான டிக்கெட் ஆகிவிடும். இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைக் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளையைக் கூட்டிப்போக 10 நிமிடத்துக்குமேல் தாமதித்தால் 10 ஷெக்கெல் (அந்நாட்டுப் பணம்) அபராதம் என்றார்கள். தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. முன்பு பெற்றோரை இழுத்துவந்தது டீச்சர் காத்திருக்கிறாரே என்ற கூச்சம், அதற்கு விலை போட்டதும் கூச்சம் போய்விட்டது. மீட்டிங்கைச் சொன்ன நேரத்துக்கு, வந்தவர்களை வைத்தே தொடங்கிவிடுங்கள்.

கால் சென்டரில் ஒரே ஸ்கிரிப்ட், ஒரே பேச்சு. சம்பளத்தை ஏற்ற வழியில்லை. வேறு என்ன செய்யலாம்?

ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டு போன் செய்தவர்களை வைத்து உளவியலாளர் ஆடம் கிராண்ட் செய்த சோதனை 2007இல் வெளிவந்தது. அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை அவர்கள் முன் 5 நிமிடம் உட்காரவைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பேசிய நேரம் 142%, திரட்டிய பணம் 171% கூடியிருந்தது. மாணவரின் கடிதத்தை வாசிக்கமட்டும் செய்தவர்களிடம் மாற்றமில்லை. எல்லா இடத்திலும் இவ்வளவு கிடைக்காது. ஆனால் செலவு ஒரு டீதான். உங்கள் சேவையால் பிரச்சினை தீர்ந்த வாடிக்கையாளர் ஒருவரை வரவழையுங்கள். ஸ்லைடு வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், அவர் பேசட்டும், உங்கள் ஆட்கள் கேள்வி கேட்கட்டும். மேனேஜர் உள்ளே இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவரை வெளியே அனுப்பிவிடுங்கள்.