ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: முதல் முறையாக நானே ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்திருக்கிறேன். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகத்துக்கும் கரண்ட் தரும் பெட்டி). பட்டனை அழுத்தினால் எல்லா ஃபேனும் சுற்றுகிறது, விளக்குகள் எரிகின்றன. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஆஃப் செய்து, ராமைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் மாட்டி, மறுபடி ஆன் செய்கிறேன். பல தடவை செய்தும் பலனில்லை. மதர்போர்டு பழுதா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: அந்த யோசனையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது ‘ஒரு நிமிடம்’ என்பதுதான். டிடிஆர்5 ராம் போட்ட புது மெஷினை முதல் தடவை ஆன் செய்யும்போது ஒரு நிமிடம் போதாது.

4800 என்று எண் போட்ட ராமில், ஒவ்வொரு டேட்டா கோட்டிலும் நொடிக்கு 480 கோடி பிட்டுகள் போய்வருகின்றன. இந்த வேகத்தில் போர்டில் ஓடும் செம்புக் கோடுகளின் நீளத்தில் உள்ள சில மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கணக்கில் வரும். அதனால் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், எந்தக் கணத்தில், எந்த வோல்டேஜ் அளவில் படித்தால் பிட் பிசகாமல் கிடைக்கிறது என்று ஒவ்வொரு கோடாகச் சோதித்துப் பார்க்கிறது. பழைய ரேடியோவில் முள்ளை மெல்லத் திருப்பி ஸ்டேஷன் பிடிப்பது மாதிரிதான். இதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். இது முடியும்வரை திரையில் ஒரு புள்ளிகூட வராது. சில போர்டுகள் நடுவே தானாகவே ஒன்றிரண்டு தடவை அணைந்து மறுபடி கிளம்பும். பார்க்கிறவருக்கு மெஷின் செத்துவிட்டது போலவே இருக்கும்.

இரண்டு ராம் உள்ள மெஷினில் இது வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதிகக் கொள்ளளவு என்றாலோ, நான்கு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தாலோ இன்னும் நீளும். முடிந்ததும் கிடைத்த அளவுகளைப் போர்டு சேமித்து வைத்துக்கொள்ள முடியும் என்பதால் அடுத்தடுத்த தடவை சீக்கிரம் கிளம்பும். ஆனால் ராமைக் கழற்றி இடம் மாற்றினால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம்.

ஆகவே முதலில் ராமைச் சரியான ஸ்லாட்டில் மாட்டி, பட்டனை அழுத்திவிட்டு, 15 நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரியான ஸ்லாட் எது? நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு சேனலின் (பிராசசருக்கும் ராமுக்கும் இடையிலான பாதையின்) கோடும் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவது ஸ்லாட்டில் போய் முடிகிற மாதிரிதான் பெரும்பாலான போர்டுகளில் இழுத்திருப்பார்கள். முதல் ஸ்லாட்டில் ராமைப் போட்டுக் கடைசி ஸ்லாட்டைக் காலியாக விட்டால், மிச்சமிருக்கும் கோட்டின் முனையிலிருந்து சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வந்து குழப்பும். வேகம் குறைந்த பழைய ராம்களில் இது பெரிதாகத் தெரியாது. டிடிஆர்5-இல் மெஷினே கிளம்பாமல் போகலாம். அப்புறம், ராமை அழுத்தும்போது இரண்டு முனையும் ‘க்ளிக்’ என்று உட்கார வேண்டும். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள் இருக்கும். தாழ்ப்பாள் இல்லாத பக்கம் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கண் மட்டத்துக்குக் குனிந்து, தங்க நிறப் பற்கள் ஸ்லாட்டுக்கு மேலே ஒரே கோடாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை.

15 நிமிடம் கழித்தும் திரை வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

ஃபேன் சுற்றுவதை நம்பாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் வருகிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. பிராசசருக்குத் தனி பவர் கேபிளை மாட்ட மறந்திருந்தாலும் ஃபேன் ஜோராகச் சுற்றும். நிஜமாகவே சேதி சொல்வது மதர்போர்டின் வலது ஓரத்தில், பெரிய 24 பின் கனெக்டரின் பக்கத்தில் இருக்கும் நான்கு குட்டி எல்இடி விளக்குகள். ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (ஆபரேட்டிங் சிஸ்டம் கிளம்புவது) என்று எழுதியிருக்கும். மெஷின் கிளம்பும்போது இதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகும். எதில் மாட்டிக்கொள்கிறதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். உங்கள் போர்டில் இந்த விளக்குகள் இல்லை என்றால், சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றை முன்பேனல் பின்களில் மாட்டி, பீப் ஒலிகளை எண்ணிக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

சிபியு விளக்கு நின்றால், போர்டின் மேல் இடது மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு 8 பின் சாக்கெட் உண்டு. கேபினட்டுக்குள் கை போகாத மூலை என்பதால் முதல் தடவை அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால் 7600-க்கு ஒன்றே போதும். கேபிளிலும் கவனம் தேவை. பிராசசர் கேபிளின் முனை நான்கு நான்காகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டு கேபிளின் முனை ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றில் இருப்பதற்கு நேர்மாறாக மற்றதில் இருக்கும். மாற்றிச் செருகக் கூடாது என்றுதான் துளைகளின் வடிவத்தையே வேறாக வைத்திருக்கிறார்கள். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், கேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கழற்றி மாட்டும் கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் போடவே போடாதீர்கள். மதர்போர்டுப் பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்கூட வேறுபடலாம். கேபிள் அழகாக உட்காரும், ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க் கருகலாம்.

பவர் சரியாக இருந்தும் சிபியு விளக்கு அணையவில்லை என்றால் பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருந்து மெஷினைக் கிளப்பும் மென்பொருள்) பழையதாக இருக்கலாம். உங்கள் ஜோடிக்கு இது பெரும்பாலும் வராது. ஆனால் அதே பி650 போர்டில் 2024-இல் வந்த ரைசன் 9000 வரிசைப் பிராசசரைப் போடுகிறவர்களுக்கு வரும். போர்டின் பின்பக்கம் ‘ஃப்ளாஷ்பேக்’ பட்டன் இருந்தால், எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் புது பயாஸைப் போட்டு, பிராசசர் இல்லாமலேயே ஏற்றிவிடலாம். ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது, எந்த யுஎஸ்பி துளையில் செருகுவது என்பதையெல்லாம் கையேட்டில் பார்த்து அப்படியே செய்யுங்கள். ஏறும்போது கரண்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

டிராம் விளக்கு நின்றால் அது டிரெயினிங்காகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். 15 நிமிடத்துக்குப் பிறகும் நின்றால், ஒரே ஒரு ராமை ஏ2-வில் மட்டும் போட்டு, மறுபடி காத்திருங்கள். வரவில்லையா, அதை எடுத்துவிட்டு மற்றதை அதே இடத்தில். ஒன்று வேலை செய்து மற்றது செய்யாவிட்டால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது. இரண்டும் ஏ2-வில் ஓடுகின்றன, பி2-வில் எதுவும் ஓடவில்லை என்றால் கதை வேறு: பிராசசர் சாக்கெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் பிராசசரில் இருக்காது, போர்டில்தான் இருக்கும், மொத்தம் 1718. ஒன்று வளைந்தாலே ஒரு ராம் சேனல் முழுக்கப் போய்விடலாம். மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்னும். வளைந்த பின் இருக்கிற இடத்தில் மட்டும் மினுக்கம் மாறும். எல்லாம் நேராக இருந்தால் கூலர் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சமமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தாலும் பின்கள் சரியாகத் தொடாமல் போகலாம்.

விஜிஏ விளக்கு என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். 7600-க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது, பயாஸைக் காட்ட அது தாராளம். (7500எஃப் மாதிரி கடைசியில் ‘எஃப்’ வரும் பிராசசர்களில் அது கிடையாது.) இப்போது படம் வந்தால் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது கார்டின் பவர் கேபிள் மாட்டவில்லை. கார்டு இருக்கும்போது மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்ற புகார்களில் கேபிள் போர்டில் மாட்டியிருந்த கதை ஏராளம். மானிட்டரின் மெனுவில் இன்புட்டையும் கையாலேயே தேர்ந்தெடுங்கள்.

பூட் விளக்கு நின்றால் சந்தோஷப்படுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் இன்னும் போடாத மெஷினில் அது எரியத்தான் செய்யும்.

கீபோர்டை வைத்தும் ஒரு சோதனை உண்டு. ‘நம் லாக்’ (Num Lock) பட்டனை அழுத்தும்போது அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் மெஷின் உள்ளே முழுசாகக் கிளம்பிவிட்டது, பிரச்சினை படம் வரும் பாதையில் மட்டும்தான்.

இவ்வளவும் பார்த்து நகரவில்லை என்றால், சும்மா பாகங்களைக் கழற்றி மாட்டுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். வெள்ளி நிற ஆன்டிஸ்டாட்டிக் பையின் மேல் வேண்டாம், அதன் வெளிப்புறம் மின்சாரம் கடத்தலாம். போர்டில் பிராசசர், கூலர், ஒரு ராம், 24 பின், 8 பின் மட்டும் இருக்கட்டும். பவர் பட்டனுக்குப் பதில் பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். இங்கே படம் வந்து கேபினட்டுக்குள் வரவில்லை என்றால் குற்றம் கேபினட்டில். போர்டுக்கு அடியில் ஸ்க்ரூ துளையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளைக் கால் நின்று போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது ரீசெட் பட்டன் உள்ளே சிக்கியிருக்கலாம். சிக்கிய ரீசெட் பட்டன் ரொம்பவே ஏமாற்றும்: ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், போர்டு ஒரு அடிகூட முன்னே நகராது. அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

வெளியே வைத்தும் வரவில்லை என்றால் கரண்டைத் துண்டித்து, காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டி, பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு டிரெயினிங்கும் முதலிலிருந்து நடக்கலாம். மறுபடி 15 நிமிடம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப்போடும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். அதைச் சந்தேகப்பட்டால் நண்பரிடமிருந்து வேறொன்றை, அதன் சொந்தக் கேபிள்களோடு, வாங்கி மாட்டிப் பாருங்கள்.

படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே விண்டோஸ் போடாமல் பயாஸில் கொஞ்ச நேரம் இருங்கள். ராம் 32 ஜிபி காட்டுகிறதா, எஸ்எஸ்டி தெரிகிறதா, வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். சும்மா இருக்கும் மெஷினில் வெப்பம் விறுவிறுவென்று 80, 90 டிகிரிக்கு ஏறினால் அணைத்துவிடுங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருக்க வாய்ப்புண்டு. ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருந்தும் 4800 காட்டினால் பயப்பட வேண்டாம், எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் முழு வேகம் வரும். ஆனால் மெஷின் ஒன்றிரண்டு நாள் சாதாரண வேகத்தில் ஒழுங்காக ஓடிய பிறகு அதைத் தொடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு நீலத்திரை வந்தால் ராம் பழுதா, வேகம் ஒத்துவரவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எக்ஸ்போ போட்டதும் ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான், ‘ஒன்றுதானே’ என்று விடாதீர்கள்.

கடைசியில் நிஜமாகவே போர்டுதான் பழுது என்று முடிவானால், அனுப்பும் முன் பிராசசரை எடுத்துவிட்டு, சாக்கெட்டைத் தெளிவாகச் சில படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியையும் தேடி மாட்டி அனுப்புங்கள். மூடி இல்லாமல் போய் வழியில் ஒரு பின் வளைந்தால் வாரன்டியில் முதலில் அடிபடுவது அதுதான்.