முன்தேதியிட்ட திருத்தம்

அன்புள்ள ஐயா,
ஏற்காட்டில் மலைக் கிராமப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளையில் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். அதற்குப் பதிவு வேண்டும், டெல்லியில் வங்கிக் கணக்கு வேண்டும் என்கிறார் ஆடிட்டர். கட்சிகளுக்கும் இதே விதிதானா?
ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். சொல்லப்போனால் கட்சிகளுக்கு இன்னும் கடுமை. நீங்கள் பதிவு செய்துகொண்டு வாங்கலாம், அவர்கள் வெளிநாட்டுப் பணத்தை வாங்கவே கூடாது. நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 1976 சட்டமும் அப்படித்தான் சொன்னது, அதன் இடத்துக்கு வந்த 2010 சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டுமே 1976 சட்டத்தை மீறின என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2014 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. (உங்கள் மலையில் பாக்சைட் வெட்டிய மேட்டூர் மால்கோவும் அந்தக் குழுமம்தான்.) நிறுவனங்கள் இங்கே பதிவானவை, ஆனால் பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டார் கையில் இருந்தது, அதனால் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கவும் நீதிமன்றம் சொன்னது.

நடவடிக்கை வரவில்லை, திருத்தம்தான் வந்தது. ஒரு நிறுவனத்தில் உள்ள வெளிநாட்டு முதலீடு, அதன் துறைக்கு அரசு அனுமதித்த வரம்புக்குள் இருந்தால் அது வெளிநாட்டு நிறுவனமே இல்லை என்று 2016 நிதிச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதையும் 2010 செப்டம்பரிலிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். வழக்கில் இருந்த நன்கொடைகளோ அதற்கும் முந்தையவை, பழைய சட்டத்தின் கீழ் வருபவை. எனவே 2018 நிதி மசோதாவில் அந்தத் தேதியை 1976 ஆகஸ்ட் 5க்குக் கொண்டுபோனார்கள். அமளிக்கு நடுவே மக்களவை அந்த மசோதாவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. தவறு என்று நீதிமன்றம் சொன்ன ஒன்றை, நாற்பது வருடம் பின்னால் போய்ச் சரி என்று எழுதிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் சண்டை போடும் இரண்டு கட்சிகளுக்கும் இதில் லாபம். எனக்கு இது இன்றும் ஆறவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத்தை, இந்தத் திருத்தத்தை அல்ல.

உங்களைப் போன்றவர்களுக்கு 2020இல் வந்த திருத்தம் வேறு மாதிரி. ஸ்டேட் பேங்கின் டெல்லிக் கிளையில்தான் கணக்கு, நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்குக் குறைந்தது. இதில் எதற்கும் முன்தேதிச் சலுகை கிடையாது.

அப்புறம், பணம் தருகிறவரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, சொந்தச் சேமிப்பை முறையாக வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. ஆடிட்டரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.