மொரான் விமானத்தில் கோளாறு எங்கே?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் பயன்படுத்திய மொரான்-சோல்னியே 406 போர் விமானம் ஒன்றுக்கும் உதவாதது என்கிறார்கள். பின்லாந்துக்காரர்களோ அதை 1944இலும் விடாமல் ஓட்டினார்களாம். எது சரி?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் சரிதான். விமானத்தின் உடம்பில் குறை இல்லை; எஞ்சினும் அதைச் சுற்றி மாட்டிய சாமான்களும்தான் காலை வாரின.

இஸ்பானோ-சுயிசா 12ஒய் எஞ்சினுக்கு 860 குதிரைத்திறன். மணிக்கு ஏறக்குறைய 486 கி.மீ., அவ்வளவுதான். 1940இல் எதிரே வந்த ஜெர்மன் போர் விமானம் மெசர்ஷ்மிட் 109இ 560ஐத் தொடும். துரத்தவும் வழியில்லை, தப்பி ஓடவும் வழியில்லை.

அடுத்த தலைவலி, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர். வயிற்றுக்கடியில் ஏற்றி இறக்கும்படி வைத்திருந்தார்கள். இறக்கினால் காற்று தடுத்து வேகம் விழும்; ஏற்றிவிட்டு முடுக்கினால் எஞ்சின் கொதிக்கும். பழைய காரில் கெந்திங் மலை ஏறுகிறவருக்குக் கண்ணெல்லாம் சூட்டு முள்ளில்தானே இருக்கும்? சண்டைக்கு நடுவே விமானிக்கும் அதே பாடு.

20 மி.மீ. பீரங்கி அருமையான யோசனை. இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே படுத்து, புரொப்பெல்லரின் மையத் துளை வழியே சுடும். மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே குண்டு. ஆனால் வட்டப்பெட்டியில் இருப்பது 60 குண்டு; விசையை விடாமல் பிடித்தால் பத்து விநாடிக்குள் காலி. மிச்சம், இறக்கைக்கு ஒன்றாக 7.5 மி.மீ. எந்திரத் துப்பாக்கி. சூடேற்றும் வசதி இல்லாததால் உயரத்தில் அவை உறைந்து நின்றுவிடும்.

வளைந்து திரும்புவதில் மட்டும் 109இ இதனிடம் தோற்கும். அடியும் நன்றாகத் தாங்கும். பின்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். எஞ்சினைத்தான் மாற்றினார்கள். சோவியத் கிளிமோவ் எஞ்சின், இதே இஸ்பானோவின் உரிமம் வாங்கி வளர்த்தெடுத்த வாரிசு. ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த 1,100 குதிரைத்திறன் கிளிமோவ் எம்-105ஐ வாங்கி மாட்டினார்கள். 1943 பிப்ரவரியில் பறந்த அந்த 'மோர்கோ-மொரான்' 525 கி.மீ. எட்டியது. சுவிஸ்காரர்கள் இதே விமானத்தை உரிமம் வாங்கிக் கட்டிய டி-3801 மாதிரியில் ரேடியேட்டரையே அசையாமல் பொருத்தி, 1,060 குதிரைத்திறன் எஞ்சின் வைத்தார்கள்.

கேள்வி: இது நம் வட்டாரத்தில் பறந்ததுண்டா?
- வாசகர், செந்தூல்

பதில்: மலாயாவில் இல்லை, இந்தோசீனாவில் உண்டு. சீனாவுக்குப் போக வேண்டிய சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயே நிறுத்திக்கொண்டு, 1940-41இல் தாய்லாந்துடன் நடந்த சண்டையில் இறக்கினார்கள்.