ராணியம்மா டீ குடிச்ச அணி

கேள்வி: எம்.ஏ. இங்கிலீஷ் முதல் வருஷம். ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்னு ஒரு நீள லிஸ்ட் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டாங்க. அனாஃபொரா எது, எபிஸ்ட்ரஃபி எதுன்னு பரீட்சை ஹால்ல உக்காந்தாலே மாறிப்போகுது. ஷார்ட்கட் இருக்கா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: பேரை விடும்மா, ரெண்டு ஆளை ஞாபகம் வெச்சுக்கோ. 1940 ஜூன் 4, பிரான்ஸ்ல டன்கர்க்லேர்ந்து தப்பிச்ச பிரிட்டிஷ் பட்டாளம் ஊர் வந்து சேர்ந்த சமயம், பிரதமர் சர்ச்சில் பார்லிமென்ட்ல எந்திரிச்சு கடற்கரையில சண்டை போடுவோம், வயக்காட்டுலயும் தெருவுலயும் போடுவோம், மலையில போடுவோம்னு அடுக்கினார் பாரு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அதே 'வீ ஷல் ஃபைட்'. தலை திரும்பத் திரும்ப வந்தா அனாஃபொரா. (நாம இப்ப அவர் குரல்ல கேக்குற ரெக்கார்டிங் அன்னிக்கு எடுத்தது இல்ல, 1949ல உக்காந்து படிச்சுக் குடுத்தது, அது தனிக்கதை.) லிங்கன் 1863 நவம்பர் 19 அன்னிக்கு கெட்டிஸ்பர்க்ல 'ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்'னாரே, அங்க திரும்பி வர்றது வால். அது எபிஸ்ட்ரஃபி.

ஆனா மார்க்குக்காக இல்லாம சொல்றேன், சர்ச்சில் அடுக்கினதுல கடைசி வரியைக் கவனி. மலையில சண்டைன்னு சொன்ன கையோட மறுபடியும் 'வீ ஷல்'ங்கிறார், நம்ம காது பழக்கதோஷத்துல 'ஃபைட்'டுக்குக் காத்துட்டு இருக்கு, வர்றது 'நெவர் சரண்டர்'. அத்தனை தடவை ஒரே மாதிரி சொன்னது இந்த ஒரு தடவை மாத்தறதுக்குத்தான்னு எனக்குத் தோணும். பேரை மட்டும் எழுதிட்டு இதை எழுதாம விட்டா என்ன பிரயோஜனம்?

கேள்வி: பேத்தியின் புத்தகத்தில் 'ஸூக்மா' என்றொரு அணியைப் பார்த்தேன். நம் இலக்கணத்தில் இதற்கு ஈடு உண்டா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

பதில்: ஐயா, உங்களுக்கு நான் பதில் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதை. இருந்தாலும் கேட்டுட்டீங்க.

ஸூக்மான்னா கிரேக்கத்துல பூட்டறது, நுகத்தடியில மாடு பூட்டற மாதிரி. ஒரே வினைச்சொல்லுல ரெண்டு விஷயத்தைப் பூட்டறது. வேடிக்கை எங்கன்னா, ஒரு பக்கம் காளை மாடும் இன்னொரு பக்கம் ஆட்டுக்குட்டியும் நிக்கும். அலெக்ஸாண்டர் போப்னு ஒரு கவிஞர், ஒரு பொண்ணோட முடிக்கத்தையை ஒருத்தன் வெட்டிட்டான்னு ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல வந்த சண்டையைப் பெரிய காவியம் மாதிரி எழுதி நக்கல் பண்ணினார். 1714ல வந்த வடிவத்துல ஆன் ராணியைப் பத்தி ஒரு வரி, மூணு தேசம் அடிபணியிற மகாராணி இந்த அரண்மனையில சில சமயம் ஆலோசனை 'டேக்' பண்ணுவா, சில சமயம் டீ. அவ்ளோதான். ராஜ்ஜிய விவகாரமும் டீ டம்ளரும் ஒரே நுகத்தடியில. இன்னொண்ணு, அந்தக் காலத்துல டீயை 'டே'ன்னுதான் சொல்லியிருக்காங்க, அதனால 'ஒபே'யோட இயைபு கச்சிதமா உக்காருது, இன்னிக்கு நாம படிச்சா அந்த இடம் இடிக்கும்.

நம்ம பக்கம் இதுக்கு ரொம்பக் கிட்ட வர்றது நீங்க வருஷக்கணக்கா பாடம் நடத்தின தீவக அணிதான். தண்டியலங்காரத்துல 'சேந்தன வேந்தன் திருநெடுங்கண்'னு வர்ற பாட்டு. 'சேந்தன'ங்கிற ஒரே சொல்லு, ராஜா கண்ணு கோவத்துல செவந்துச்சு, எதிரி தோளு ரத்தத்துல செவந்துச்சு, திசை, அம்பு, பறவைக் கூட்டம் எல்லாத்துக்கும் போய்ச் சேருது. தீவகம்னா விளக்கு; கிரேக்கக்காரனுக்கு நுகத்தடி தெரிஞ்ச இடத்துல நம்ம ஆளுக்கு விளக்கு தெரிஞ்சிருக்கு, ஒரு இடத்துல வெச்சா ரூம் பூரா வெளிச்சம். எனக்கு விளக்குதான் பிடிச்சிருக்கு. ஆனா போப் பண்ற குசும்பு தீவகத்துல கிடையாது, அங்க எல்லாமே நெசமாவே செவக்குது.

குசும்பு வேணும்னா வீட்டுப் பேச்சுக்குத்தான் வரணும். "கடைக்குப் போய் ரெண்டு கிலோ தக்காளியும், திரும்பி வந்து ஒரு மணி நேரம் திட்டும் வாங்கினார்." இதுல ஒரு வித்தியாசம் பாருங்க. இங்கிலீஷ்ல வினை முன்னாடியே வந்துடும், அதனால வெடி கடைசி வார்த்தையில, அதாவது டீயில வெடிக்குது. நமக்கு வினை கடைசியில, 'திட்டும்'னு கேட்டதும் இது ரெண்டையும் எப்படிடா ஒண்ணா முடிப்பான்னு ஒரு நொடி தொங்கிட்டு நிக்கிறோம், 'வாங்கினார்'ல வந்து இறங்குறோம். 'சேந்தன' பாட்டு வினையைத் தூக்கி முன்னாடி போட்டதால இங்கிலீஷ் வரிசை மாதிரியே ஓடுது. பேத்திகிட்ட இதைச் சொல்லுங்க.

கேள்வி: ஆக்ஸிமோரான், ஒரே வரியில? (ஈரோடு)

பதில்: எதிரும் புதிருமான ரெண்டு சொல்லை ஒட்ட வைக்கிறது; கிரேக்கத்துல ஆக்ஸின்னா கூர்மை, மோரான்னா மழுங்கல், பேரே முரண்தொடை.

கேள்வி: லண்டன்ல எங்க டீம் லீடர் என் வேலையைப் பார்த்துட்டு 'நாட் பேட்'ங்கிறார். பாராட்டா, திட்டா? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

பதில்: அதுக்குப் பேரு லைட்டோட்டீஸ், எதிர்மறையில சொல்லி விஷயத்தைக் குறைச்சுக் காட்டறது. நம்ம 'பரவால்ல' மாதிரிதான், சொல்ற மூஞ்சியைப் பார்த்தாத்தான் அர்த்தம். குறைச்சுச் சொல்றதுல பிரிட்டிஷ்காரங்களை அடிச்சுக்க முடியாது. 1982 ஜூன் 24, கோலாலம்பூர்லேர்ந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவா பக்கம் எரிமலைச் சாம்பல்ல மாட்டி நாலு இன்ஜினும் நின்னுபோச்சு. கேப்டன் எரிக் மூடி மைக்கைப் பிடிச்சு, நமக்கு ஒரு சின்னப் பிரச்சனை, நாலு இன்ஜினும் நின்னுடுச்சு, ஓட வைக்கப் படாதபாடு படறோம், உங்களுக்கு ரொம்பச் சிரமம் இல்லைன்னு நம்பறேன்னார். சின்னப் பிரச்சனையாம்! இன்ஜின் திரும்ப ஓடி ஜகார்த்தாவுல பத்திரமா இறங்கினாங்க. இந்த அளவுகோல்ல பார்த்தா உங்க 'நாட் பேட்' நல்ல பாராட்டுதான், இன்க்ரிமென்ட் கேட்டுப் பாருங்க.

கேள்வி: நடுராத்திரி மணி அடிக்கும்போது உலகமே தூங்கும், இந்தியா விழிக்கும்னு நேரு இங்கிலீஷ்ல பேசினாரே, அப்ப லண்டன்ல சாயங்காலம்தானே? தப்பில்லையா? (தூத்துக்குடி)

பதில்: கணக்கு சரி. லண்டன்ல சாயங்காலம், நியூயார்க்ல மத்தியானம், ஆளுங்க முழிச்சுட்டுத்தான் இருந்திருப்பாங்க. ஆனா 'உலகத்துல பாதிப் பேர் தூங்கும்போது'ன்னு சரியா சொல்லிப் பாருங்க, யாரு எந்திரிப்பா? மிகைப்படுத்தல், ஹைப்பர்போலி, அந்த இடத்துல வேணும். டோக்கியோக்காரங்க மட்டும் கோவிச்சுக்க முடியாது, அவங்க நெசமாவே தூங்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க.