கடற்காற்று வீசும் வீட்டில் ஃபெல்ட் மேசை அலங்காரம்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். சாப்பாட்டு மேசைக்காக ஃபெல்ட் துணியில் இலை, காளான், மான் ஆகியவற்றை வெட்டிப் பூவேலை செய்தேன். பென்சில் கோடு துணியில் சரியாகப் பதியவில்லை. மான் நிற்காமல் சரிகிறது. அதன் கொம்புக்குள் வைத்த கம்பி துருவேறிக் கறை விட்டுவிட்டது. நீண்ட நாள் நிலைக்கும்படி இதை எப்படிச் செய்வது?

பதில்: முதலில் உங்களிடம் இருப்பது எந்த ஃபெல்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரத்தில் நகமளவு துண்டொன்றை வெட்டி, குறடால் பிடித்து நெருப்பில் காட்டினால், கம்பளியாயின் தலைமுடி கருகும் மணம் எழுந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டரோ அக்ரிலிக்கோ ஆயின் உருகிக் கறுத்த மணியாக இறுகிவிடும். புத்தகக் கடைகளில் கைவேலைக்கென்று தாள் தாளாக விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. இலைகளுக்கும் உருவங்களுக்கும் அது போதும். பூச்சி அரிக்காது, குளிர்ந்த நீரில் அலசவும் முடியும். சூடான இஸ்திரிப்பெட்டியை மட்டும் அதன்மேல் வைக்கக் கூடாது.

கிளாஸ் வைக்கும் சிறு விரிப்புகளுக்கு மட்டும் 3 மி.மீ. தடிப்புள்ள கம்பளி ஃபெல்ட்டுக்குச் செலவிடுவது தகும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. செயற்கை இழைகள் அவ்வாறு உள்வாங்காததால், குளிர்ந்த கிளாஸின் வெளிப்புறத்தில் வியர்க்கும் நீர் இடைவெளிகளின் வழியே இறங்கி, மேசைப் பலகையில் வளையக் கறையாகப் படிந்துவிடும். கம்பளி ஃபெல்ட் சிவப்பாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பின்னரே பயன்படுத்துங்கள்.

ஃபெல்ட் தறியில் நெய்யப்படுவதில்லை. இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகியே அது துணியாகிறது. அதனால்தான் வெட்டிய ஓரம் பிரிவதில்லை, எந்தப் பக்கமாகத் திருப்பியும் வெட்டலாம். ஆனால் மேற்பரப்பில் எழுந்து நிற்கும் அந்த இழைகளே பென்சில் கோட்டை மறைத்தும் விடுகின்றன. வரைவை மெல்லிய டிஷ்யூ தாளில் பிரதி எடுத்து, ஃபெல்ட்டின்மேல் வைத்துப் பெரிய தையல்களாகத் தற்காலிகமாகத் தைத்துவிட்டு, தாளுக்கும் துணிக்கும் சேர்த்தே பூவேலையைச் செய்யுங்கள். முடிந்ததும் தாளைத் தையலின் ஓரமாக மெல்லக் கிழித்தால் கழன்றுவரும். உருவத்தை வெட்டுவது இதற்குப் பிறகுதான். முன்னரே வெட்டிவிட்டால், கையில் பிடித்துத் தைக்கும்போது ஓரம் இழுபட்டு வடிவம் கெட்டுவிடும்.

ஃபெல்ட் வேலையில் வடிவத்தைச் சொல்ல வேண்டியது கத்தரிக்கோல். கத்தரிக்கோலால் சொல்ல முடியாததை மட்டும் நூல் சொல்லட்டும். இலை முழுவதையும் சாட்டின் தையலால் நிரப்புவோரைப் பார்க்கிறேன். அவ்வளவு நூல் ஏறினால் துணி சுருங்கும், உழைப்பும் வீணாகும். நடுநரம்புக்குச் சங்கிலித் தையல், கிளைநரம்புகளுக்கு இரண்டு இழையில் காம்புத் தையல், ஓரத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளியில் ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் பிளாங்கெட் தையல் என்பதே போதுமானது. ஆறிழை நூலைப் பிரித்து இரண்டு அல்லது மூன்று இழைகளை 7ஆம் எண் ஊசியில் கோத்துக்கொள்ளலாம். இலையை இரண்டு அடுக்காகச் செய்தால் முடிச்சுகள் அவற்றுக்கிடையே மறைந்துவிடும். நடுநரம்பை நெடுகப் பின்புறமாகச் சிறிது கிள்ளிப் பிடித்து ஓடுதையல் போட்டால், இலை தட்டையாகக் கிடக்காமல் இயல்பாக மடிந்து எழும்.

எந்த இலை என்பதிலும் ஒரு சொல். நமக்குக் கிடைக்கும் மாதிரிகளில் ஓக் இலையும் நரியும் முள்ளெலியும் வெள்ளைப் புள்ளியிட்ட சிவப்புக் காளானும் நிறைந்திருக்கும். அந்தக் காளான் பேர்ச், பைன் மரங்களோடு சேர்ந்து வளரும் வடபுலக் காடுகளுக்கு உரியது. அழகானதுதான், விரும்பினால் செய்யலாம். ஆயினும் திருகோணமலைக்கு வரும் விருந்தினர் மேசையில் இந்த மாவட்டத்தின் காட்டையே காண வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாலை மரத்தின் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒடுங்கி, மேலே அகன்று, நுனியில் சிறிய வெட்டோடு முடியும் அந்த வடிவத்தை ஒரு பிள்ளையும் வெட்டிவிடலாம். இலைகளுக்கிடையே மஞ்சள் நிற ஃபெல்ட்டில் சிறு உருண்டைகளைச் சேர்த்தால் பாலைப்பழம் ஆகிவிடும். சிவப்புக் காளானுக்குப் பதில், மழைக்குப் பின் கறையான் புற்றில் எழும் புற்றுக்காளானை, நடுவில் கூம்பிய குடையோடு வெளிர் நிறத்தில் செய்யலாம். காட்டுச்சேவலின் சிவந்த கொண்டைக்கு நடுவே உள்ள மஞ்சளை, இரண்டு ஃபெல்ட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தே காட்டிவிடலாம்.

இனி மான். ஃபெல்ட்டில் வெட்டிய மெல்லிய கால்கள் உடலைத் தாங்கா. எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் சில நாட்களில் மடங்கிவிடும். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மர நிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்களைப் பாருங்கள்: கால்கள் உடலுக்கடியில் மடிந்திருக்க, கழுத்து மட்டும் நிமிர்ந்திருக்கும். அந்த நிலையில் வெட்டினால் உருவம் முழு அடிப்பரப்போடும் மேசையில் அமரும், சரிவதற்கு இடமில்லை. சுமார் 12 செ.மீ. நீளம் போதுமானது. ஒன்றையொன்று எதிர்நோக்கும் இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகப் பூவேலை செய்து முடித்த பின் இணையுங்கள். முதுகெலும்பின் மேலாகக் கரும்பழுப்பில் ஒரு காம்புத் தையல் வரி. அதற்குக் கீழே, நூலை ஊசியில் சுற்றி இழுத்துப் போடும் பிரெஞ்சு முடிச்சுகளால் மூன்று அல்லது நான்கு வரிசைப் புள்ளிகள். தூய வெள்ளையைவிடத் தந்த நிற நூலே செம்பழுப்பு உடலோடு இசையும். தொண்டையில் ஒரு வெள்ளைத் துண்டு வைத்தால் மானின் முகம் தெளிவாகத் தெரியும்.

உள்ளே தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சை வையுங்கள். மின்விசிறியும் கடற்காற்றும் சேரும் அறையில் அது மட்டும் இருந்தால் உருவம் மேசையை விட்டே பறந்துவிடும் என்பதால், அடியில் கழுவிக் காயவைத்த சிறு கூழாங்கற்களைப் பைபோலத் தைத்து வைக்க வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம்; அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துணியை எப்போதும் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். அரிசியும் பயறும் வண்டை அழைக்கும். அடித்தளத்துக்கு அட்டை வைத்தால் வளைந்துவிடும் ஆதலால், ஐஸ்கிரீம் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியை வெட்டி வைப்பது நல்லது.

கொம்பில் வந்த துருவுக்குக் காரணம் இரும்புக் கம்பி. உப்புக் காற்றில் வெறும் செப்புக் கம்பியும் பச்சை பூக்கும். எனவே தொலைபேசி இணைப்புக்குப் பயன்படும் மெல்லிய ஒற்றைக் கம்பி வயரை அதன் பிளாஸ்டிக் உறையோடே வளைத்து, மேலே பழுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு கொம்புக்கும் மூன்று கிளைகள் இருக்கட்டும். இது கடினமாகத் தோன்றினால் பெண்மானைச் செய்யுங்கள், அதற்குக் கொம்பே இல்லை. வேலையை இடையில் நிறுத்தும்போது குண்டூசியையும் ஊசியையும் துணியிலேயே குத்திவைக்காதீர்கள். ஓர் இரவிலேயே துருப்புள்ளி விழக்கூடும்.

மேசையில் வைக்கும்போது குழம்புக் கிண்ணங்கள் கைமாறும் பாதையை விட்டு, நடுவில் ஒடுக்கமான வரிசையாக வையுங்கள். மஞ்சள் கறை பட்டால் ஃபெல்ட்டிலிருந்து முழுமையாகப் போவதில்லை. மெழுகுவர்த்தியை அருகில் கொண்டுவர வேண்டாம், செயற்கை ஃபெல்ட் உருகி எரியும். பற்றரியில் எரியும் சிறு விளக்கு பொருத்தமானது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் தொடங்குமுன் எல்லாவற்றையும் தூசு தட்டி நிழலில் உலர்த்தி, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுங்கள். நேர் வெயிலில் சிவப்பும் பச்சையும் வெளிறும். கம்பளி விரிப்புகளுக்கு வேப்பிலை வைக்க விரும்பினால், நன்றாகச் சருகான இலையைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். பச்சை இலை கறை விடும்.